வாடகை வீட்டில் வாழும் மாற்றுத்திறனாளிகள்: வீட்டு உரிமையாளரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்பது?

பக்கவாதத்துக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ சிகிச்சை முடிந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: "வீடு கீழ்த்தளமா, மாடியா?" மாடி என்று விடை வந்தால், மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒரு சிக்கல் அங்கே தொடங்குகிறது. சொந்த வீடாக இருந்தால் குடும்பமே முடிவெடுக்கலாம். வாடகை வீடாக இருந்தால், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்குக்கூட மற்றொருவரின் இசைவு தேவைப்படுகிறது. அதைக் கேட்கத் தயங்கியே பல குடும்பங்கள் நோயாளியை ஓர் அறைக்குள் முடக்கிவிடுகின்றன.

இப்பக்கம் அத்தகைய குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. சட்டம் உங்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு எது, அளிக்காதது எது, உரிமையாளரை அணுகுவது எப்படி, மருத்துவர் செய்யக்கூடிய உதவி என்ன என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

முக்கியக் குறிப்புகள்

• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பாகுபாட்டைத் தடை செய்கிறது. நியாயமான தகவமைப்பை மறுப்பதும் பாகுபாடே என்று அச்சட்டம் வரையறுக்கிறது.
• வாடகை வீட்டு உரிமையாளர் தம் செலவில் வீட்டை மாற்றித் தர வேண்டும் என்று தனித்துக் கூறும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே பெரும்பாலான மாற்றங்கள் எழுத்துவழி ஒப்புதலின் பேரிலேயே நடைபெறுகின்றன.
• நோயோ உடற்குறைபாடோ வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான சட்டக் காரணம் அன்று.
• மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

வீடு ஏன் ஒரு மருத்துவ விஷயமாகிறது?

பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில்தான் உடலியக்கம் மிக விரைவாகத் திரும்புகிறது. அந்தக் காலத்தில் நோயாளி ஒரு நாளைக்குப் பலமுறை எழுந்து நடக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாமாகச் செல்லப் பழக வேண்டும். வாசற்படியும் குறுகிய கதவும் வழுக்கும் தரையும் அதைத் தடுத்தால், இயன்முறைப் பயிற்சியின் பயன் பாதியில் நின்றுவிடும். படுக்கையிலேயே இருப்பதால் படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, கால் சிரைகளில் இரத்தம் உறைதல் ஆகியவை நேரக்கூடும்.

விருத்தாசலத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இந்நகரம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றை அரைத்தும் கலந்தும் வார்த்தும் பணிபுரிந்தோர் பலர். நுண்ணிய சிலிக்கா தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். பணியை விட்ட பின்னரும் அது முற்றக்கூடும். நுரையீரலில் ஏற்பட்ட தழும்பை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. முற்றிய நிலையில் உள்ளவருக்குப் பத்துப் படி ஏறுவதே பெரும் சுமை. அவருக்குத் தேவைப்படுவது சக்கர நாற்காலி அன்று. கீழ்த்தள வீடு, காற்றோட்டம், ஆக்சிஜன் செறிவூட்டி இயங்குவதற்குத் தடையற்ற மின்சாரம் ஆகியவையே. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவருடைய குறைபாடு தெரிவதில்லை. ஆகவே அவருடைய கோரிக்கை எளிதில் புறக்கணிக்கப்படுகிறது.

சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனாளி யார்?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 19.04.2017 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு சான்றளிக்கப்பட்டவர்களுக்கே இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகள் உரியன.

ஆனால் சமத்துவ உரிமை அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதில்லை. நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாட்டால், சூழலில் உள்ள தடைகளை எதிர்கொள்ளும்போது, பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க இயலாதவர் எவரும் மாற்றுத்திறனாளியே என்று பிரிவு 2(எஸ்) கூறுகிறது. எழுதும்போது கை இறுகிவிடும் நோயுள்ள ஒரு தேர்வர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில் 11.02.2021 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தகவமைப்பைப் பெறுவதற்கு 40 விழுக்காட்டுச் சான்று கட்டாயம் அன்று என்பதைத் தெளிவுபடுத்தியது. அது தேர்வு பற்றிய வழக்கு. எனினும் அதில் கூறப்பட்ட கொள்கை, சிலிக்கோசிஸ் போன்ற பட்டியலில் இல்லாத நீண்டகால நோயால் அவதிப்படுவோரும் தம் கோரிக்கையை எடுத்துவைக்க இடமளிக்கிறது.

"நியாயமான தகவமைப்பு" என்றால் என்ன?

ஒருவர் தம் உரிமைகளைப் பிறருக்குச் சமமாகத் துய்ப்பதற்கென, அவருடைய நிலைக்கேற்பச் செய்யப்படும் தேவையான, பொருத்தமான மாற்றமே நியாயமான தகவமைப்பு. அது எதிர்த்தரப்பினர் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது. இவ்விரு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். குளியலறையில் கம்பி பொருத்துவது நியாயமானது. இரண்டு மாடிக் கட்டடத்தில் உரிமையாளர் மின்தூக்கி அமைத்துத் தர வேண்டும் என்பது அளவுக்கு மீறிய சுமையாகவே கருதப்படும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இணையத்தில் தேடுவோர், "மாற்றுத்திறனாளி கேட்டால் வீட்டு உரிமையாளர் மறுக்கவே கூடாது" என்னும் செய்திகளைக் காணலாம். அவற்றுள் பல அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியவை. அந்நாட்டின் நியாய வீட்டு வசதிச் சட்டம், 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வாடகைதாரர் தம் செலவில் செய்யும் நியாயமான மாற்றங்களை உரிமையாளர் அனுமதிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. இங்கே உங்களுக்கு உதவக்கூடியவை பல சட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன.

1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 3 பாகுபாட்டைத் தடை செய்கிறது. பிரிவு 5 சமூகத்தில் வாழும் உரிமையை உறுதி செய்கிறது. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்றும் கடமை அரசுக் கட்டடங்களுக்கும் பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களுக்கும் உரியது. ஒரு குடும்பம் குடியிருக்கும் தனி வீடு அந்த வரையறையில் வருவதில்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விடுவது நிறுவனமோ சங்கமோ அறக்கட்டளையோ எனில், அது "தனியார் நிறுவனம்" என்னும் வரையறைக்குள் வருவதால் உங்கள் கோரிக்கை கூடுதல் வலுப்பெறும்.

2. தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. இது 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. விருத்தாசலம் நகராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்குப் பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்துவடிவில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்களை இச்சட்டம் வரிசைப்படுத்துகிறது. நோயும் உடற்குறைபாடும் அவற்றுள் இல்லை. குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்தவும் கூடாது.

3. சொத்து மாற்றுச் சட்டம், 1882. பிரிவு 108-இன்படி, உரிமையாளரின் இசைவின்றி வாடகைதாரர் நிலையான கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது. அதே பிரிவு, வாடகைதாரர் பொருத்திய பொருள்களைக் குடியிருக்கும் காலத்தில் அவரே கழற்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. ஆனால் வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாகக் கூறப்பட்டிருந்தால் ஒப்பந்தமே செல்லும்.

4. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. மனநோய் உள்ளவர் சமூகத்திலிருந்து ஒதுக்கப்படாமல் வாழும் உரிமையை இச்சட்டத்தின் பிரிவு 19 அளிக்கிறது.

5. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017. இந்திய உடல்நலச் சட்டங்களுள் வாடகை வீட்டை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் இது. எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி வீட்டை வாடகைக்கு மறுப்பதும், குடியிருப்பவரை அகற்றுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

எந்த மாற்றத்தைக் கேட்பது?

கோரிக்கையை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பேச்சு எளிதாகும்.

முதல் வகை: செலவில்லாதவை. மாடியில் குடியிருப்பவருக்கு அதே வளாகத்தில் காலியாகும் கீழ்த்தளப் பகுதியை மாற்றித் தருதல். வாசலுக்கு அருகில் வண்டி நிறுத்த இடம். பொது நடைபாதையில் உள்ள பூந்தொட்டி, செருப்பு அலமாரி முதலியவற்றை அகற்றுதல். ஓய்வூதியமோ உதவித்தொகையோ வரும் நாளுக்கேற்ப வாடகை நாளை மாற்றுதல். இரவில் பராமரிப்பாளர் தங்குவதற்கு இசைவு.

இரண்டாம் வகை: கழற்றி எடுக்கக்கூடியவை. குளியலறை, கழிப்பறைச் சுவர்களில் கைப்பிடிக் கம்பி, இந்தியக் கழிப்பறை மீது வைக்கும் கமோடு நாற்காலி, மடக்கு சாய்தளம், வழுக்காத விரிப்பு, செவித்திறன் குறைந்தவருக்கு ஒளிரும் அழைப்புமணி. பெரும்பாலான குடும்பங்களின் தேவை இந்த வகையிலேயே நிறைவேறிவிடும்.

மூன்றாம் வகை: கட்டுமான மாற்றங்கள். நிலையான சாய்தளம், கதவு நிலையை அகலப்படுத்துதல், கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றுதல். இவற்றுக்கு எழுத்துவழி ஒப்புதல் இன்றி ஒரு செங்கல்லைக்கூட அகற்றாதீர்கள்.

அளவுகளைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் பதினெட்டு அடி நீள வேண்டும். தெருவை ஒட்டிய வீடுகளில் அத்தனை இடம் இருப்பதில்லை. நகராட்சிச் சாலைக்குள் நீளும் சாய்தளம் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். இடமின்மைக்காகச் செங்குத்தாகக் கட்டப்படும் சாய்தளமோ படியைவிட ஆபத்தானது. இத்தகைய வீட்டில் இருபுறமும் கைப்பிடி வைத்து, படிகளின் உயரத்தைக் குறைப்பதே சிறந்த தீர்வாக அமையலாம்.

சக்கர நாற்காலி செல்வதற்குக் கதவின் தெளிவான அகலம் 900 மி.மீ. இருப்பது நல்லது. பல வீடுகளில் குளியலறைக் கதவு இதைவிடக் குறுகலானது. கதவைக் கழற்றித் திரை போடுவதே சில அங்குல இடத்தைக் கூட்டும். கதவை உள்நோக்கித் திறப்பதிலிருந்து வெளிநோக்கித் திறப்பதாக மாற்றுவது இன்னும் முக்கியமானது. நோயாளி உள்ளே விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வருபவர் உள்ளே நுழைய முடியாது.

செலவு யாருடையது?

வீட்டின் வழக்கமான பராமரிப்பில் உரிமையாளர் பொறுப்பில் உள்ள பழுதுகளை அவரே சரிசெய்ய வேண்டும். உடைந்த படி, ஒழுகும் குழாயால் வழுக்கும் தரை, பழுதான மின்கம்பி ஆகியவை தகவமைப்புக் கோரிக்கைகள் அல்ல; அவை யார் குடியிருந்தாலும் செய்யப்பட வேண்டியவை. இவற்றைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள்.

உங்கள் உடல்நிலைக்கெனத் தனியாகச் செய்யப்படும் மாற்றத்தின் செலவைப் பெரும்பாலும் நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் செய்வதால் முன்பணத்தை உயர்த்தக் கேட்டால், சட்டத்தை நினைவூட்டலாம்: வேறாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது.

மருத்துவச் சான்று: எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது?

உரிமையாளரிடம் காட்டும் சான்றில் நோயின் பெயர் இருக்க வேண்டிய தேவை இல்லை. என்ன செய்ய இயலவில்லை, அதற்கு வீட்டில் என்ன தேவை என்பதே போதுமானது. மருத்துவரிடம் இவ்வாறு எழுதித் தருமாறு கேளுங்கள்:

"இவர் எமது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவருகிறார். இவரால் துணையின்றிப் படியேற இயலாது. தரையில் அமர்ந்து எழ இயலாது. இந்நிலை குறைந்தது ஆறு மாதங்கள் நீடிக்கும். கழிப்பறையிலும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பி, வாசலில் கைப்பிடி ஆகியவை இவருடைய பாதுகாப்புக்கு மருத்துவ முறையில் தேவை."

காலமும் தேவையும் உங்கள் நிலைக்கேற்ப மாறும். மனநோய், எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை உங்கள் விருப்பமின்றி மருத்துவர் வெளியிடக் கூடாது; உரிமையாளர் கேட்டாலும் நீங்கள் காட்ட வேண்டியதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம், பயிற்சியோடு வீட்டையும் பார்த்து அளவெடுத்துச் சொல்லுமாறு கேளுங்கள். கம்பியை எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பொருத்துவது என்பது நோயாளியின் வலுவான கையைப் பொறுத்தது.

உரிமையாளரை அணுகும் முறை

படி 1. முதலில் நேரில் பேசுங்கள். நோயாளியின் நிலையை அவர் வந்து பார்க்க அழையுங்கள். பல உரிமையாளர்களின் அச்சம் சுவர் பாழாகும் என்பதும், குடும்பம் நிலையாகத் தங்கிவிடும் என்பதுமே. அவ்விரண்டுக்கும் விடை தயாராக இருக்கட்டும்.

படி 2. பேசியதை எழுத்தில் கொடுங்கள். கீழ்க்காணும் மாதிரியைப் பயன்படுத்தலாம்:

"ஐயா/அம்மா, தங்கள் வீட்டில் நான் குடும்பத்துடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். என் தந்தையின் உடல்நிலை காரணமாக, கழிப்பறைச் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகளும் வாசற்படியில் ஒரு கைப்பிடியும் பொருத்த வேண்டியுள்ளது. மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். செலவு முழுவதும் என்னுடையது. வேலையைத் தாங்கள் குறிப்பிடும் கொத்தனாரைக் கொண்டே செய்கிறேன். காலி செய்யும்போது கம்பிகளை அகற்றிச் சுவரைப் பூசித் தருகிறேன். இதற்கு இசைவு தந்து கையொப்பமிடுமாறு வேண்டுகிறேன்."

படி 3. ஒப்புதலை ஒப்பந்தத்தின் இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியுடன் ஒளிப்படம் எடுங்கள்.

படி 4. மறுத்தால், காரணத்தைக் கேட்டு மாற்று வழி ஒன்றை முன்வையுங்கள். கம்பிக்கு மறுப்பென்றால், துளையிடத் தேவையில்லாத தரைத் தாங்கியுடன் கூடிய கமோடு நாற்காலியைப் பயன்படுத்தலாம்.

மறுப்பு தொடர்ந்தால்

• வட்ட சட்டப் பணிகள் குழு: விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் அணுகலாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் பிரிவு 12-இன்படி மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவும் இங்கே வழியுண்டு. பெரும்பாலான வழக்குகளுக்கு இதுவே சிறந்த முதல் வாயில்.
• வாடகை அதிகாரி: தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் இவரிடம் விண்ணப்பிக்கலாம். ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட வேண்டும்.
• மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்: கடலூரில் உள்ள அலுவலகத்தில் முறையிடலாம், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் மனு அளிக்கலாம்.
• மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்: உரிமை மறுக்கப்பட்டதைத் தாமாகவோ புகாரின் பேரிலோ விசாரிக்கும் அதிகாரம் உண்டு. விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களும் இவருக்கு உண்டு.
• காவல் நிலையம்: பொதுமக்கள் பார்வையில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கில் வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92-இன் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பந்தம் எழுதவே இல்லை. எனக்கு உரிமை உண்டா?
உண்டு. ஆயினும் மெய்ப்பிப்பது கடினமாகும். வாடகை செலுத்திய வங்கி விவரம், ரசீது ஆகியவற்றைப் பாதுகாத்து, எழுத்துவடிவ ஒப்பந்தத்தை இப்போதேனும் கேளுங்கள்.

"நோய் பரவும், காலி செய்யுங்கள்" என்கிறார். என்ன செய்வது?
பக்கவாதமோ சிலிக்கோசிஸோ மனநோயோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தொழுநோயும் காசநோயும் முறையான சிகிச்சை தொடங்கிய சில வாரங்களுக்குள் பெரும்பாலும் பரவும் தன்மையை இழக்கின்றன. உரிமையாளர் விரும்பினால் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உங்கள் இசைவுடன் மருத்துவரே விளக்குவார்.

அரசு வீட்டு வசதித் திட்டங்களில் முன்னுரிமை உண்டா?
2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 37-இன்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டு வசதித் திட்ட ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பத்திலேயே கீழ்த்தள வீடு வேண்டும் என்று குறிப்பிடுங்கள்.

பீங்கான் தொழிற்சாலைப் பணியால் நோய் வந்தது. வேறு உதவி உண்டா?
சிலிக்கோசிஸ் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தவர் அதன் கீழும், பிறர் பணியாளர் இழப்பீட்டுக்கான சட்ட விதிகளின் கீழும் இழப்பீடு கோரலாம். பணிபுரிந்த ஆண்டுகளுக்கான சான்றுகளையும் மார்பு ஊடுகதிர்ப் படங்களையும் தூக்கி எறியாதீர்கள்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல்

"வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள். இருவர் தாங்கிப் பிடித்து ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் வீட்டில், இரண்டு கம்பிகள் பொருத்தப்பட்டதும் அவர் தனியாகச் சென்று வருவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர் திரும்பப் பெறுவது நடையை மட்டுமன்று. நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்கு முன்பே வீட்டைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சான்றைப் பெற்றுக்கொண்டு, அந்த வாரமே உரிமையாளரைச் சந்தியுங்கள். உடல்நலம் தொடர்பான ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. உங்கள் தனிப்பட்ட சிகிச்சைக்கு மருத்துவரையும், வழக்குக்குச் சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞரையும் அணுகவும்.